வீடியோ விளையாட்டு வணிகத்தில் முற்பதிவின் பயன்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருள் சந்தைக்கு வருமுன்னரே அதன் விலையையோ விலையின் ஒரு பகுதியையோ செலுத்தி வைத்தல் புதிய வழக்கன்று. நூல் வெளியீட்டுக்கு முன்கூட்டியே பணம் திரட்டிய பதிப்பாளர்கள் அதனை நன்கு அறிந்திருந்தனர். வீடியோ விளையாட்டுகளின் வணிகத்தில் இவ்வழக்கம் எவ்வாறு வேரூன்றியது என்பதும், அதனால் நன்மையடைந்தோர் யாவர் என்பதும் தனியே ஆராயத்தக்கன. முற்பதிவு என்பது விற்பனையாளரின் தந்திரம் மட்டுமே எனக் கூறுவோர் உளர். இவ்வணிகத்தின் நாற்பதாண்டு வரலாறு அக்கூற்றுக்கு முற்றாக இடந்தருவதாயில்லை.

தொடக்கத்தில் முன்கூட்டிக் கட்டளையிட்டோர் விளையாடுவோரல்லர், வணிகரே. 1981 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், 1982 ஆம் ஆண்டு முழுவதற்குமான தேவையை ஒருங்கே அறிவிக்குமாறு தன் விநியோகத்தரைக் கேட்டது. கேட்ட அளவு சரக்கு முன்னர் கிடைக்கப்பெறாத விநியோகத்தர், இம்முறையும் குறைத்தே தருவர் என எண்ணி, வேண்டியதிலும் கூடிய தொகையை எழுதிக்கொடுத்தனர். அத்தொகையை உண்மைத் தேவையென நிறுவனம் நம்பியது. போட்டி நிறுவனங்கள் பெருகியதும் விநியோகத்தர் தம் கட்டளைகளை விலக்கிக்கொண்டனர். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் ஆக்கப்பட்ட 'ஈ.ரி.' என்னும் விளையாட்டின் பேழைகள் இலட்சக்கணக்கில் விற்பனையாகாது தேங்கின. 1983 செப்டெம்பரில் அட்டாரியின் மிகுதிச் சரக்கின் ஒரு பகுதி நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோ நகரில் நிலத்திற் புதைக்கப்பட்டது. நெடுங்காலம் கட்டுக்கதையெனப் பலர் கருதிய இச்செய்தி, 2014 ஏப்பிரலில் அவ்விடம் அகழப்பட்டபோது மெய்யென நிறுவப்பட்டது. அச்சரிவுக்குக் காரணங்கள் பல. எனினும் விளையாடுவோரின் விருப்பத்தை அளந்தறியும் கருவி எதுவும் அன்று உற்பத்தியாளரிடம் இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்து வந்த நின்ரெண்டோவின் காலத்தில் இக்குறை வேறு வடிவிற் புலப்பட்டது. அக்கால விளையாட்டு, சில்லுப் பொதிந்த பேழையாகவே விற்கப்பட்டது. அதனைச் செய்து முடிக்க மாதங்கள் சென்றன. வெளியீட்டாளர் நின்ரெண்டோவுக்கு முன்பணம் செலுத்தியே பேழைகளைப் பெறவேண்டியிருந்தது. கூடுதலாகச் செய்வித்தால் நட்டம் அவர்களுடையது; குறைவாகச் செய்வித்தால் பண்டிகைக்காலம் கைநழுவிப்போகும். 1988 இல் ஏற்பட்ட சில்லுத் தட்டுப்பாட்டால் அமெரிக்காவில் விளையாட்டுகள் பல தாமதமாயின. அதே ஆண்டு பெப்ரவரி 10 ஆம் திகதி, புதன்கிழமையொன்றில், யப்பானில் 'டிராகன் குவெஸ்ட் 3' வெளிவந்தபோது கடைகளின் முன் மாணவர் உட்படப் பெருந்திரளானோர் வரிசையில் நின்றனர்.

பொருள் அரிதாயிருந்த இத்தகைய சூழலிலேதான் நுகர்வோரின் முற்பதிவு பொருளுடையதாயிற்று. 1998 நவெம்பரில் வெளிவந்த 'செல்டா: ஒக்கரினா ஒஃப் டைம்' இதற்குச் சிறந்த சான்று. வட அமெரிக்காவில் முன்கூட்டிப் பதிந்தோருக்குப் பொன்னிறப் பேழை வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்தனர். கேள்வி மிகுந்தமையால் ஒரு பெருங்கடைத் தொடர் நவெம்பர் 3 ஆம் திகதியே பதிவை நிறுத்தவேண்டியதாயிற்று. பொன்னிறம் ஒரு கவர்ச்சியே; அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. விளையாடுவோனுக்குத் தன் படி உறுதியாயிற்று என்பதும், கடைக்காரனுக்குத் தன் தேவையின் அளவு தெரிந்தது என்பதுமே மெய்யான நன்மைகள். 1981 இல் ஊகமாயிருந்த எண், இப்போது பெயருடைய மனிதரின் எண்ணாயிற்று.

இணையவழி விற்பனை தோன்றியதும் நிலைமை மாறியது. 2004 நவெம்பர் 16 இல் வெளியான 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டை முன்கூட்டி வாங்கியோர், அதன் கோப்புகளைப் பூட்டிய நிலையில் முன்னதாகவே இறக்கிக்கொள்ள முடிந்தது. இணைய வேகம் குறைந்த அந்நாளில் இது சிறு நன்மையன்று. ஆயினும் படி தீர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு இனி இடமில்லை. பழைய நன்மைகளுள் முதன்மையானது இவ்வாறு மறைந்தது.

அதன் இடத்தில் வேறொரு நன்மை தோன்றியது. சுவீடன் நாட்டவரான மார்க்கஸ் பெர்சன் 2009 யூனில் 'மைன்கிராஃப்ட்' என்னும் விளையாட்டை, அது முற்றுப்பெறாத நிலையிலேயே 9.95 யூரோவுக்கு விற்கத் தொடங்கினார். பின்னர் விலை 14.95 யூரோவாயிற்று, 2011 நவெம்பர் 18 இல் முழு வடிவம் வெளிவந்தபோது ஏறத்தாழ 20 யூரோவாயிற்று. அதற்குள் நாற்பது இலட்சம் படிகள் விற்பனையாகிவிட்டன. பெருநிறுவனம் எதன் மூலதனமும் இன்றித் தொடங்கிய ஆக்கத்தை வாங்குவோரின் பணமே வளர்த்தது. வாங்குவோரும் இழக்கவில்லை: முந்தியவருக்கு விலை குறைவு; ஆக்கப்பட்ட பகுதியை அன்றே விளையாடிப் பார்க்கவும் இயன்றது. ஏற்ற இடருக்கு ஈடு கிடைத்த முற்பதிவு இதுவே எனலாம்.

இதற்கு மறுதலையாக, போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2020 டிசெம்பர் 10 இல் வெளியிட்ட 'சைபர்பங்க் 2077' அமைந்தது. அதனை எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் முழு விலைக்கு, எதனையும் விளையாடிப் பாராமலே, முன்கூட்டி வாங்கியிருந்தனர். அப்பதிவுகளின் வருமானமே ஆக்கச் செலவையும் விளம்பரச் செலவையும் விஞ்சியதென நிறுவனம் அறிவித்தது. பழைய விளையாட்டுப் பொறிகளில் அது குறைபாடுகள் மலிந்து இயங்கியமையால், ஒரு வாரத்துள் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதனை அகற்றி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தது. ஆக, ஆக்குவோரின் இடர் வெளியீட்டுக்கு முன்னரே நீங்கியிருந்தது. வாங்கியோரின் இடர் வெளியீட்டு நாளன்றே தொடங்கிற்று. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளமோ, வெளியீட்டுக்கு முன் எப்போதும் பதிவை விலக்கிப் பணத்தை மீளப்பெறும் உரிமையையும், வெளியீட்டின் பின் இரண்டு மணி நேரத்துக்குட்பட விளையாடியோர் பதினான்கு நாள்களுள் அவ்வாறு செய்யும் உரிமையையும் 2015 யூனிலேயே வழங்கியிருந்தது. சோனியின் கடையில் அவ்விளையாட்டு மீண்டும் இடம்பெற்றது 2021 யூன் 21 இல் ஆகும்.