வீட்டுப்பாடம் வகுப்புக்கு வந்த கதை



என்னிடம் படித்து இன்று ஆசிரியையாக இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், எங்கள் பள்ளியில் 'தலைகீழ் வகுப்பறை' நடத்தச் சொல்கிறார்கள். பாடத்தை வீடியோவாக அனுப்பிவிட்டால் அப்புறம் நமக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. இதன் வரலாற்றைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

முறை எளிது. புதுப் பாடத்தை மாணவர் வீட்டிலேயே படித்தோ பார்த்தோ வருவார். வழக்கமாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கணக்கும் பயிற்சியும் வகுப்பில், ஆசிரியர் முன்னிலையில் நடக்கும்.

இது கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கு அல்ல. 1817இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றவர் சில்வேனஸ் தேயர். மாணவர்கள் புத்தகத்தை முன்கூட்டியே படித்து வர வேண்டும். வகுப்பில் சிறு குழுக்களாகக் கரும்பலகை முன் நின்று கணக்கைப் போட்டு விளக்க வேண்டும் என்று வைத்தார். இன்றும் அங்கே அதற்குத் தேயர் முறை என்றே பெயர். மின்விளக்குகூட வராத காலம் அது!

அடுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மஜூர், இயற்பியல் பேராசிரியர். 1984இல் பாடம் நடத்தத் தொடங்கியவர். மாணவர்களிடம் நல்ல பெயர். 1990இல் தம் மாணவர்களுக்கு அடிப்படைக் கருத்துகளை மட்டும் சோதிக்கும் எளிய தேர்வு ஒன்றை வைத்தார். லாரியும் காரும் மோதினால், லாரி காரைத் தாக்கும் விசை பெரிதா, கார் லாரியைத் தாக்கும் விசை பெரிதா என்பது போன்ற கேள்விகள். கடினமான கணக்குகளைப் போட்டவர்கள் இதில் தடுமாறினார்கள். அவர் எவ்வளவு விளக்கியும் பலருக்கு விளங்கவில்லை. கடைசியில், "பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள்" என்றார். வகுப்பே சந்தைக்கடை ஆனது; ஆனால் சில நிமிடங்களில் தெளிவு பிறந்தது. அதன் பிறகு பாடத்தைப் படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் விவாதத்துக்கும் வைத்தார். 1997இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார்.

வீடியோ வந்தது பிறகுதான். 2004இல் சல்மான் கான், தொலைவில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 2006 முதல் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். நேரில் கேட்பதைவிட வீடியோவே வசதி என்றார்களாம் பிள்ளைகள். புரியாத இடத்தைப் பத்து முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காது அல்லவா!

2007இல் கொலராடோ மாநிலத்தின் உட்லண்ட் பார்க் பள்ளியில் வேதியியல் ஆசிரியர்கள் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் இருவரும், வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்தார்கள். வகுப்புக்கு வந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். அப்படியானால் வகுப்பு நேரத்தை எதற்குச் செலவிடுவது என்ற யோசனை வந்தது. ஆய்வகத்துக்கும் ஐயம் தீர்ப்பதற்கும் என்று முடிவானது. கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளுக்கு டிவிடியில் பதிந்து கொடுத்தார்கள். இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

ஏனென்றால், இந்த முறையில் முதல் பாடம் வீட்டுக்குப் போகிறது. எல்லா வீடும் ஒன்றல்ல. 2020இல் கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. ஆனால் வீட்டுக்கு ஒரே செல்போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் பிள்ளை என்ன செய்யும்? வீட்டில் படிக்க முடியாத பிள்ளை மறுநாள் வகுப்பிலும் பின்தங்கினால், அதற்குத் தலைகீழ் வகுப்பறை என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே அம்மா, உன் கேள்விக்கு என் பதில் இது. தேயருக்குப் புத்தகமே போதுமானதாக இருந்தது. பாடநூலில் இரண்டு பக்கம், அதோடு ஒரே ஒரு கேள்வி கொடுத்து அனுப்பு. படிக்க முடியாமல் வந்தவர்களுக்கு வகுப்பில் முதல் பத்து நிமிடம் ஒதுக்கு. மீதி நேரம் மேஜை மேஜையாகப் போய், யார் எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்று பார். பாடம் சொல்வதை வீடியோ செய்யலாம். தடுக்கி நிற்கும் பிள்ளையை அடையாளம் காண்பது ஆசிரியர் வேலை. உன் வேலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: லாரி–கார் கேள்விக்கு விடையை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் யோசியுங்கள்; வீட்டில் ஒருவரோடு விவாதியுங்கள்; விடையைக் காரணத்தோடு கீழே எழுதுங்கள். நாளை மாலை பேசுவோம்.