தார்தாவா, குளூசியானாவா?

பூங்காக்களில் வரிசை கட்டி நிற்கும் பெரிய துலிப்புகள் பலவும் இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்துவிடும். கிழங்கு சிறுசிறு பிள்ளைகளாகப் பிரியும். பூ நின்று இலை மட்டும் மிஞ்சும். ஆண்டுதோறும் புதுக்கிழங்கு வாங்கி அலுத்தவர்களே காட்டு இனங்களைத் தேடுகிறார்கள். அவற்றில் தார்தா, குளூசியானா இரண்டையும் ‘எளிதில் வளர்பவை’ என்றே விற்கிறார்கள். எந்த ஊரில் எளிது என்று சொல்வதில்லை.

தார்தா மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைச்செடி. ஒரு சாண் உயரம்கூட வராது. ஆனால் ஒரே கிழங்கில் நான்கைந்து பூக்கள், நடுவில் மஞ்சள், நுனியில் வெள்ளை. குளூசியானா ஈரானிலிருந்து மேற்கு இமயம் வரை பரவியது. சுமார் 30 செ.மீ. உயரத்தில் ஒல்லியாக நிற்கும். 1593இல் லேய்டன் தாவரத் தோட்டத்துக்கு வந்த தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸின் பெயரைத் தாங்கியது. இரண்டும் வெயிலில்தான் விரியும். மேகம் கவிந்தால் தார்தா மங்கிய பச்சை மொக்காகச் சுருண்டுவிடும். குளூசியானாவோ மூடிய பிறகும் வெள்ளையில் சிவப்புப் பட்டைகளோடு நிற்கும். என் கண்ணுக்கு அது விரிந்த பூவைவிட அழகு.

உண்மையான வேறுபாடு குளிரில் இருக்கிறது. தார்தாவுக்கு நீண்ட, நல்ல குளிர்காலம் வேண்டும். பனி மூடும் ஊர்களின் பாறைத் தோட்டம் அதற்குச் சொந்த வீடு. குளூசியானாவுக்கு அவ்வளவு தேவையில்லை. கலிபோர்னியாவில் மற்ற துலிப் கிழங்குகளை வாரக்கணக்கில் குளிர்பெட்டியில் வைத்து ஏமாற்றி நடுகிறார்கள்; இதை அப்படியே மண்ணில் புதைத்தாலும் ஆண்டுதோறும் பூக்கிறது.

பெருகும் விதமும் வேறு. தார்தா பக்கக்கிழங்கு விடும், விதையும் தூவும். நாற்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். குளூசியானாவின் தாய்க்கிழங்கிலிருந்து குழல்போன்ற தண்டு ஒன்று மண்ணுக்குள் ஓடும். அதன் நுனியில் புதுக்கிழங்கு, நட்ட இடத்துக்கு அப்பால், சிலசமயம் இன்னும் ஆழத்தில். பாத்தி கட்டி ஒழுங்கு பார்ப்பவர்களுக்கு இது எரிச்சல். அவர்கள் தார்தாவோடு நிற்கட்டும்.

கோடையில் மட்டும் இரண்டும் ஒரே பிடிவாதம். இலை பழுத்தபின் கிழங்கு காய்ந்த மண்ணில் உறங்க வேண்டும். புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயருகே நட்டால் அழுகும். சரளை கலந்த, நீர் தேங்காத மேட்டில், இலையுதிர்காலத்தில் நடுங்கள். தார்தாவுக்கு 10 செ.மீ. ஆழம் போதும், குளூசியானாவுக்கு 15.