தண்ணீர் (நாவல்)

தண்ணீர், அசோகமித்திரன் எழுதிய சிறு நாவல். கணையாழியில் தொடராக வந்து 1973இல் நூலானது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லும் நாவல் என்றே இதை அறிமுகப்படுத்துவது வழக்கம். அது பாதிதான் உண்மை. இளமை கைநழுவும் வயதில் ஜமுனா என்ற பெண் தன்னைக் கண்டுகொள்வதுதான் கதை. பஞ்சம் அதற்கு வழி செய்துகொடுக்கிறது.

அசோகமித்திரன் (1931–2017) செகந்திராபாத்தில் பிறந்தவர், இயற்பெயர் தியாகராஜன். 1952இல் சென்னைக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். பின்னர் நெடுங்காலம் தி. நகர்வாசி. சினிமாவுக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம் 'கரைந்த நிழல்கள்' நாவலில் நேரடியாகப் பதிவானது. 'தண்ணீர்' நாவலில் அது பாஸ்கர் ராவ் என்ற ஒரே ஆளாகச் சுருங்கி வருகிறது. வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி ஜமுனாவைப் பயன்படுத்திக்கொள்பவன் அவன். ஜமுனாவின் தங்கை சாயா வேலைக்குப் போகிறவள், கணவன் ராணுவத்தில். அக்காவின் போக்கு பிடிக்காமல் விலகிப்போகிறாள்.

ஜமுனா குடியிருக்கும் தெருவில் குழாய் வறண்டுபோகிறது. வந்தாலும் சாக்கடை கலந்து நாறுகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. (குடிநீர் வாரியம் அமைந்தது 1978இல்தான், அதுவரை மாநகராட்சியின் பொறுப்பு.) அடிபம்பு வேலை செய்ய முதலில் அதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும், தண்ணீரே இல்லாத வீட்டில் அதற்கு எங்கே போவது என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

உயிரை விடத் துணிந்த ஜமுனாவை மீட்பது டீச்சரம்மா. சிறு வயதிலேயே தன்னைவிட மிக மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவர். நோயாளிக் கணவரையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கும் போய்வருகிறவர். அவர் புத்தி சொல்வதில்லை. தன் கதையைச் சொல்கிறார், அவ்வளவுதான். தன்னுடையதே பெரிய துக்கம் என்று நினைத்திருந்த ஜமுனா, அதன்பின் தெருவுக்காகவும் அலையத் தொடங்குகிறாள். நாவலின் உச்சம் இந்த இடம் என்பேன்.

இதே காலத்தில் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் கங்கா படித்தவள், அதிகாரி, தன்னைப் பற்றி ஓயாமல் வாதிடுகிறவள். ஜமுனா அதிகம் பேசுவதில்லை; குடம் தூக்குகிறாள். கங்கா பெற்ற புகழ் ஜமுனாவுக்குக் கிடைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அசோகமித்திரனுக்கு அகாதெமி விருது 1996இல் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்காகக் கிடைத்தது. 'தண்ணீர்' நாவலை லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். அது 1993இல் வெளிவந்தது.