மூன்று கல் அடுப்பு

சென்ற தை மாதம் நண்பர்கள் மூவருடன் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைப் பக்கம் ஏறினோம். இரண்டு நாள் கூடாரம் அடித்துத் தங்கி, எங்கள் கையாலேயே சமைத்துச் சாப்பிட வேண்டுமென்பது சங்கற்பம். சமையலில் எங்களுக்குள்ள பாண்டித்தியத்தை வீட்டிலிருப்பவர்கள் நன்கு அறிவார்கள். ஆகையால் அவர்கள் யாரும் உடன் வரவில்லை.

ரிசர்வ் காட்டுக்கு வெளியே, அறுவடையான சாமைக் கொல்லை ஒன்று கண்ணில் பட்டது. ஒரு மலையாளிப் பெரியவருடையது. மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். தமிழே பேசும் மலைவாசிகள் இவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகச் சொல்வார்கள்.

"பெரியவரே, ரெண்டு நாள் இங்கே கேம்ப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார் நண்பர்.

பெரியவர் எங்களை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டுக்குங்க, சாமி" என்றார். பிறகு குடிசைப் பக்கம் திரும்பி, "கோழியைப் பிடிச்சு அடை!" என்று குரல் கொடுத்தார்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அது சிரிக்கிற விஷயமல்ல.

பழைய சென்னை ராஜதானியில் 'கேம்ப்' என்ற சொல்லுக்குத் தனி மகிமை உண்டு. கலெக்டர் முதலான அதிகாரிகள் ஜில்லாவைச் சுற்றி வரும்போது கூடாரமும் மேஜை நாற்காலியும் பாத்திர பண்டங்களும் வண்டிகளில் முன்னால் போய்விடும். துரை குதிரையை விட்டு இறங்கும்போது சூடாகச் சாப்பாடு காத்திருக்க வேண்டும். அந்த வித்தையைக் கற்றுத்தரப் புத்தகமே இருந்தது. சென்னைப் படையிலிருந்த கென்னி-ஹெர்பர்ட் என்ற அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' 1878-இல் வெளிவந்தது. அதில் கூடாரச் சமையலுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆசிரியர் நல்ல ரசிகர். சமையற்காரரை மட்டும், யாராயிருந்தாலும், 'ராமசாமி' என்றே அழைக்கிறார்.

ராமசாமிக்காவது ஒரு பெயர் கிடைத்தது. விறகு பிளந்தவனும் தண்ணீர் சுமந்தவளும் சரித்திரத்தில் பெயரில்லாமலே போய்விட்டார்கள். வடக்கே குமாவோன் மலைகளில் இந்த ஊழியத்துக்குக் கூலி-பேகார் என்று பெயர். அதிகாரியின் மூட்டையைச் சுமப்பதும், அவருடைய முகாமுக்கு வேண்டிய பொருள்களைக் கொடுப்பதும் கிராமத்தார் கடமையென்று பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். 1921 ஜனவரியில், நம் பொங்கல் சமயத்தில் வரும் உத்தராயணித் திருவிழாவில், பாகேஷ்வரில் கூடிய ஜனங்கள் அந்தப் பதிவேடுகளைச் சரயு நதியில் வீசி எறிந்தார்கள்.

கல்வராயனில் ஆறு இருந்தது. ஆனால் அந்த நாள் வர வெகுகாலம் பிடித்தது. இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. தேசத்துக்கு 1947-இல் விடுதலை வந்தது. இனாம் ஒழிப்புச் சட்டம் 1963-இல் வந்தது. ஜாகீர் போய் மலை சர்க்கார் வசமானது 1976-இல்தான்.

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. மூவாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகக் கொஞ்சம் கூடுதலாக நேரமாகும். பழியை உயரத்தின்மேல் போட்டுத் தப்பித்திருக்கலாம். உண்மையில் எங்களுக்கு அடுப்பு மூட்டவே தெரியவில்லை. காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, பானையின் பாதிதான் சூடேறியது. மேலே அரிசி, கீழே கரி.

பெரியவர் வீட்டு அம்மாள் வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று கல்லையும் நெருக்கி வைத்து, காற்று வரும் பக்கம் மண்ணை அணைத்தாள். சாமையைக் கல் அரித்துக் கழுவினாள். படிக்கு இரண்டரைப் படி தண்ணீர் வைத்து, உலை தளதளவென்று கொதித்த பிறகே சாமையைப் போட்டாள். தண்ணீர் சுண்டியதும் விறகை வெளியே இழுத்து, மூடியைப் போட்டுத் தணலிலேயே விட்டாள். பூண்டும் மிளகாயும் போட்டுக் கொள்ளுக் கடைசல். அரை மணிக்குள் எல்லாம் முடிந்தது. நாங்கள் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

பெரியவரும் எங்களோடு உட்கார்ந்தார். "எதுக்குக் கோழியை அடைச்சீங்க?" என்று கேட்டேன்.

"பழைய பயம், சாமி. ஜாகீர் நிலத்துல மொதல்ல உழணும். அப்புறந்தான் நம்ம கொல்லை. கூலி கிடையாது. பெரிய மனுசங்க கேம்ப்னு வந்துட்டா தண்ணி, விறகு, கோழி எல்லாம் நம்ம தலைமேலதான்."

அவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கலாம். ஜாகீர் போனபோது அவர் இளைஞர்.

சாமைக்கும் கொள்ளுக்கும் விறகுக்கும் பணத்தை எடுத்து நீட்டினோம். அம்மாள் தயங்கினாள். பெரியவர், "வாங்கிக்க. இது கேம்ப் இல்லே" என்றார்.

வெளியூர் போய்ச் சமைக்க நினைப்பவர்களுக்கு எவ்வளவோ யோசனைகள் சொல்லலாம். என்னுடையது ஒன்றே. மூட்டையில் அரிசியைக் குறையுங்கள். அந்த மண்ணில் விளைந்ததை விலை கொடுத்து வாங்கி, விளைவித்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வயிறு நிறைவதற்கு அதைவிட நிச்சயமான வழி எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் விழித்தபோது கூடாரத்தைச் சுற்றிக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.