அஸ்துர்லாப்: ஒரு சொல்லின் பிறப்பு

ஆங்கிலேயர் 'ஆஸ்ட்ரோலேப்' என வழங்கும் சொல்லை அரபு நூல்களில் 'அஸ்துர்லாப்' என்று காண்கிறோம். பித்தளைத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய இக்கருவி, சூரியனும் விண்மீன்களும் வானில் நிற்கும் உயரத்தை அளந்து நேரத்தை அறிவிப்பது. தொழுகை வக்துகளையும் கிப்லாவின் திசையையும் கணிக்க நம் முன்னோர் இதனைக் கையாண்டனர். கருவியின்மீது கொண்ட பற்றினால், சொல்லும் நம்முடையதே என்று நிறுவ முற்பட்டோர் பண்டே இருந்தனர்.

இத்ரீஸ் நபி (அலை) அவர்களுக்கு லாப் என்றொரு மைந்தர் இருந்தாராம்; வான மண்டலத்தின் கோடுகளை அவர் தகட்டில் வரைந்தாராம். 'ஸத்ர்' என்றால் கோடு, அதன் பன்மை 'அஸ்துர்'. ஆகவே 'லாபின் கோடுகள்' அஸ்துர்லாப் ஆயிற்றாம்! இலக்கணத்தில் குறை காண இயலாது. ஸர்ஃப் ஓதும் சிறுவனும் இப்பன்மையை ஒப்புவிப்பான். அந்தப் பொருத்தமே கதைக்கு நீண்ட ஆயுளைத் தந்தது எனலாம். ஹம்ஸா அல்இஸ்பஹானியோ இதனைப் பாரசீகச் சொல்லாக்கினார்: 'ஸிதாரா யாப்', விண்மீனைக் கண்டறிவது.

பத்தாம் நூற்றாண்டில் 'மஃபாதீஹுல் உலூம்' இயற்றிய அல்குவாரிஸ்மீ (அல்ஜிப்ரா தந்த பேரறிஞர் வேறு, இவர் வேறு) லாபின் கதையை அறியாமை என்றே தள்ளினார். சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, அதன் முற்பகுதி விண்மீனைக் குறிக்கும் என எழுதினார். பிற்பகுதிக்குக் 'கண்ணாடி' எனப் பொருள் கூறியதில் மட்டும் அவர் சறுக்கினார். கிரேக்கத்தில் 'அஸ்த்ரோன்' விண்மீன், 'லம்பனேன்' பற்றுதல். விண்மீனைப் பற்றுவது என்பதே பொருள். பிறர் ஆக்கத்தைத் தமதெனக் கூறி மார்க்கத்துக்குப் பெருமை தேட அந்த ஆலிமின் மனம் ஒப்பவில்லை. இன்று எந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டாலும் 'அது நம்மவர் செய்ததே' என்று முந்திக்கொண்டு பேசும் நம் மேடைப் பேச்சாளர்கள் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

நமக்குரியதோ ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. அக்கருவியில் சுழலும் அளவுகோல் 'அல்இளாதா'. நில அளவையாளர் கையாளும் 'அலிடேட்' அதுவே. வானில் ஒளிரும் 'வேகா', 'ஆல்டேர்' என்னும் விண்மீன்களும் அரபுப் பெயர்களையே தாங்குகின்றன: முன்னது 'அந்நஸ்ருல் வாகிஃ', இறங்கும் கழுகு, பின்னது 'அந்நஸ்ருத் தாயிர்', பறக்கும் கழுகு. ஜெஃப்ரி சாஸர் என்னும் ஆங்கிலப் புலவர் 1391இல் லூயிஸ் என்ற பத்து வயதுச் சிறுவனுக்காக இக்கருவியைப் பற்றி நூல் எழுதியபோது, கிரேக்கப் பெயர் தாங்கிய அதன் உறுப்புகளை அரபுப் பெயர்கள் கலந்தே அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது.