நியூ ஜெர்சி டாக்டரின் எள்ளுப் பேத்தியும் பெயர் தெரியாத 3 பெண்களும்

1/ கேஸ் ஷீட்ல "ஃபேமிலி ஹிஸ்டரி"ன்னு ஒரு வரி இருக்கும். ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிகள், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து கிராமத்து அம்மாக்கள்னு யாரைக் கேட்டாலும் அப்பா, அம்மா வரைக்கும் பதில் வரும். தாத்தா பெயர் வரும். பாட்டி பெயர்? "ஆயான்னுதான் கூப்பிடுவோம் டாக்டர்."

இன்னைக்கு 5 தலைமுறைக்குத் தடம் கிடைக்கிற ஒரு குடும்பத்தைப் பார்ப்போம் மக்களே.

2/ நதானியேல் ஸ்கட்டர். பிறப்பு 1733. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் டாக்டர். அந்த நாடு உருவான காலத்தில் கான்டினென்டல் காங்கிரஸ் உறுப்பினர். 1781 அக்டோபரில், விடுதலைப் போரில் குண்டடிபட்டு இறந்தார். பிரின்ஸ்டனில் படித்தவர், அதனால் கல்லூரிப் பதிவிலும் பெயர் உண்டு, காங்கிரஸ் ஆவணத்திலும் உண்டு.

3/ மகன் ஜோசப், வக்கீல். பேரன் ஜான் ஸ்கட்டர், பிறப்பு 1793. இவரும் டாக்டர். நியூயார்க்கில் நடந்த பிராக்டிஸை விட்டுவிட்டு 1819-ல் மனைவி ஹாரியட்டோடு கப்பல் ஏறினார். யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார். 1836-ல் சென்னைக்கு வந்தார்.

4/ இப்போ நம்ம ரூட்டுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு ரோட்டில் மேற்கே போனால் ராணிப்பேட்டை, அதைத் தாண்டினால் வேலூர். ஜானின் மகன் சைலஸ் 1866-ல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி திறந்தார். இன்னொரு மகன், அவர் பெயரும் ஜான், அவரும் டாக்டர். அவருக்கு 1870-ல் அதே ராணிப்பேட்டையில் பிறந்த பெண்தான் ஐடா ஸ்கட்டர்.

5/ ஐடாவுக்கு டாக்டராகும் ஆசையே இல்லை. 1890 வாக்கில், உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் 3 பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். "எங்க அப்பா டாக்டர், அவரை அழைச்சிட்டுப் போங்க" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். 3 பெண்களும் இறந்தார்கள்.

6/ ஐடா அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பினார். 1900-ல் வேலூரில் சின்னதாக ஒரு டிஸ்பென்சரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சிஎம்சி.

7/ ஐடாவின் எள்ளுத் தாத்தா எந்த மாதம் இறந்தார் என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடிகிறது. அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட அந்த 3 பெண்கள்? கதையைச் சொல்கிறவர்கள் "ஒருவரின் மனைவி" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்குக் கல்லூரிப் பதிவு இல்லை, வக்கீல் மகன் இல்லை, கடிதம் எழுதி வைக்க ஆளும் இல்லை.

8/ நம்ம வீட்டு ஆயாக்களுக்கும் அதே நிலைமைதான். இதில் மருத்துவக் காரணமும் இருக்கு. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் உங்களுக்கும் ரிஸ்க் கூடும். மார்பகப் புற்றுநோய்க்கு அம்மா வழியை மட்டும் பார்த்தால் போதாது, அப்பாவின் அம்மா, அத்தை வரலாறும் வேணும். "நெஞ்சு வலின்னு படுத்தாங்க, போய்ட்டாங்க" என்பது எங்களுக்குப் பாதி பதில்தான். எந்த வயசில் என்பதுதான் மீதி.

9/ இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது 4 விஷயம் கேளுங்க: பாட்டியின் முழுப் பெயர், பிறந்த ஊர், என்ன நோய் இருந்தது, எந்த வயதில் இறந்தார். இரண்டு பாட்டிக்கும் கேளுங்க. ரேஷன் கார்டு வைக்கிற கவரிலேயே எழுதி வைங்க. அடுத்த தடவை ஓபிக்கு வரும்போது கொண்டு வாங்க.