பெங்களூருவில் ஆங்கிலேயர் தடம்: கோட்டை முதல் கண்டோன்மென்ட் வரை

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஆர்.வி. ரோடு சென்று, பச்சைத் தடத்துக்கு மாறினால் கே.ஆர். மார்க்கெட் நிலையத்தை அடையலாம். அருகே எஞ்சி நிற்கும் கோட்டையில் தொடங்குகிறது பெங்களூருவின் ஆங்கிலேயர் வரலாறு.

1791 மார்ச் 21 அன்று, கார்ன்வாலிஸ் தலைமையிலான கிழக்கிந்திய கம்பெனிப் படை திப்பு சுல்தானின் இக்கோட்டையைக் கைப்பற்றியது. மதில் தகர்க்கப்பட்ட இடத்தில் உள்ள கல்வெட்டு, தாக்கிய படையை மட்டுமே குறிப்பிடுகிறது. கோட்டையைக் காத்து உயிர்நீத்த தளபதி பகதூர் கானுக்கு அதில் இடமில்லை.

1799-இல் திப்பு வீழ்ந்தார். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இருந்த படை முகாம் 1809-இல் பெங்களூருக்கு மாறியதும் கண்டோன்மென்ட் உருவானது. அல்சூர், சிவாஜிநகர் பகுதிகளில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கு, சென்னை மாகாணத்திலிருந்து படையோடு வந்து குடியேறிய தமிழர்களே முக்கியக் காரணம்.

1831-இல் மைசூர் நிர்வாகத்தையே ஆங்கிலேயர் ஏற்றனர். 1881-இல் உடையார்களிடம் அதைத் திருப்பித் தந்தபோதும் கண்டோன்மென்ட்டை விடவில்லை. அது மைசூர் அரசின் கைக்கு வந்தது 1947-இல்தான்.